கிழக்குச் சரிவில் மழை இல்லை

இப்போது கைப்பேசியைத் தொட்டால் ஏழு நாள் வானிலை வரிசையாக வருகிறது. ஒரு சூரியன், ஒரு மேகம், மேகத்துக்குக் கீழே மஞ்சளாக ஒரு மின்னல் கோடு. சித்திரை, வைகாசியில் எங்கள் கீழ் கோத்தகிரிப் பக்கத்துக்கு ஏழு நாளும் ஒரே படம்தான். காலையில் வெயில், மதியத்துக்கு மேல் இடி. என் மகன் அதைப் பார்த்துவிட்டுத் துணியை எப்போது காயப்போடலாம் என்று சொல்வான். நான் தலையை ஆட்டிக்கொள்வேன். வானிலை அறிக்கையோடு எனக்குப் பேச்சுவார்த்தை நின்று பல வருஷமாகிறது. ஒரு முறை நம்பினேன், போதும்.

நாங்கள் கப்பலில் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். இலங்கையில் ஊவா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, கல்யாணம் கட்டி, இந்தியாவுக்குப் போ என்று கடவுச்சீட்டைக் கையில் கொடுத்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். நீலகிரியில் தேயிலை வேலையே கிடைத்ததை எல்லோரும் பெரிய அதிர்ஷ்டம் என்றார்கள். அதிர்ஷ்டம்தான். இங்கே வந்த முதல் நாளே கை பழைய வேலையைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. மற்றதெல்லாம் அப்படி உடனே ஆரம்பிக்கவில்லை.

அம்மாவின் காகிதம் எங்களுடையதோடு வரவில்லை. அப்பா செத்துப்போனவர், அம்மா தனி விண்ணப்பம். நாங்கள் முன்னால் வந்தோம், அவள் பின்னால் வந்தாள். அவள் கப்பலேறுவதாகக் கடிதம் வந்தபோது எங்கள் வீட்டில் ஒரே அறை. அதில் நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரருடைய தம்பி, அவன் மனைவி. படுத்தால் காலை நீட்ட ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறுவாழ்வு வேலைகளைப் பார்த்துக்கொண்ட அதிகாரி ஒருவர் மாதத்துக்கு ஒரு முறை வருவார். மூக்குக்கண்ணாடி போட்ட, சத்தம் போடாத மனிதர். அவர்தான் விவரம் சொன்னார். கரையில் இறங்குகிறவர்கள் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் முகாமில் இருப்பார்கள். அங்கிருந்து தொகுதி தொகுதியாக வேலை உள்ள இடங்களுக்கு அனுப்புவார்கள். மகள் வீட்டில் தனி அறை இருந்தால் அம்மாவை மகளிடம் அனுப்பலாம். இல்லையென்றால் அடுத்து எங்கே ஆள் கேட்கிறார்களோ அங்கே.

“பலகை, சாக்கு எல்லாம் அறைன்னு எழுத முடியாதும்மா. நாலு சுவர் இருக்கணும். சனிக்கிழமை வந்து பார்க்கிறேன். ஞாயிறு நானே முகாமுக்குப் போறேன். திங்கட்கிழமை அங்கிருந்து ஒரு தொகுதி கிளம்புது.”

அம்மா அப்போது முகாமுக்கு வந்து பத்து நாள். அந்தத் தொகுதியில் அவள் பெயர் இருந்தது. நாலாவது சுவர் எழுந்தால் அவள் இங்கே வருவாள். எழாவிட்டால் வேறெங்கோ போவாள். இவ்வளவுதான் விஷயம், இதில் புரியாமல் போக எதுவும் இல்லை.

கடிதம் வந்த நாளிலிருந்தே வீட்டின் பின்சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு எழுப்பிக்கொண்டிருந்தோம். கூரைக்குத் தகரம் கிடைத்துவிட்டது. இரண்டு பக்கமும் பச்சைக்கல் சுவர் எழுந்துவிட்டது. சூளையில் சுடாத கல்தான். மண்ணைக் குழைத்து, புல்லை நறுக்கிப் போட்டு, மர அச்சில் அடித்து வெயிலில் காயவைப்பது. நல்ல வெயில் மூன்று நாள் இருந்தால் கல் இறுகிவிடும். முன்பக்கச் சுவருக்கு இன்னும் நூறு கல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நூற்றுப்பத்து அடித்துப் போட்டோம். பிள்ளைகள் மிதித்துவிடும் என்று பத்து அதிகம்.

அந்த ஞாயிறு டீக்கடையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் சத்தமாகப் படித்தார். வரும் வாரம் மலை மாவட்டத்தில் பகலில் வெயில் கூடுதலாக இருக்கும், பிற்பகலில் பல இடங்களில் இடியுடன் மழை பெய்யக்கூடும். அவருடைய தாத்தா காலத்தில் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மேலே வந்து கடை போட்ட குடும்பம். எங்களைக் கண்டால் கொஞ்சம் கிண்டல் உண்டு. சிலோன்காரங்க டீயில் சீனி போடாமல் சீனியைக் கடித்துக்கொண்டு குடிப்பாங்க என்று வருகிற எல்லோரிடமும் சொல்லுவார். உண்மைதான், நாங்கள் அப்படித்தான் குடித்தோம். ஆனாலும் அவர் சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

திங்கட்கிழமை அவர் படித்தபடியே நடந்தது. காலையில் மண்டையைப் பிளக்கிற வெயில். கொழுந்துக்கூடையின் கயிறு நெற்றியில் வழுக்கியது. மூன்று மணிக்குக் குமுறல், அரை மணி மழை, ஐந்து மணிக்கு மறுபடியும் வெளிச்சம். வீட்டுக்காரருக்கு அப்போது நாற்றங்கால் வேலை, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கம்தான். இரண்டு மணிக்கு ஓடிவந்து தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டுப் போனார். செவ்வாயும் அப்படியே. தார்ப்பாய்க்குள்ளே கல் வேர்த்துக் கிடந்தது. அரை நாள் வெயில் வாங்கிய ஈரம் அரை நாளில் திரும்பி வந்துவிடும். புதன்கிழமை ஒரு கல்லை விரலால் அழுத்தினேன். விரல் பதிந்தது.

புதன் சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து, நாளைக்குத் தன்னை மேல் டிவிசனில் குழி வெட்டப் போட்டிருப்பதாகச் சொன்னார். மத்தியானம் இறங்கி வர முடியாது. நான் ஏற்கெனவே மேஸ்திரியிடம் கெஞ்சி வியாழக்கிழமைக்கு லீவு வாங்கியிருந்தேன். நாங்கள் இன்னும் தற்காலிகம். மாதத்துக்கு ஒரு லீவுதான் கொடுப்பார், அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அந்த லீவில் நான் வீட்டிலிருந்து கல்லைத் திறந்து திறந்து மூடுவது என்று ஏற்பாடு.

இனி ரேடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வரிசையில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர், எங்களோடு கப்பலில் வந்தது. இந்த மலையில் இலங்கை ரேடியோ பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி தெளிவாகக் கேட்கும். சாயங்காலம் செய்தி, அதற்குப் பிறகு வானிலை, அதற்குப் பிறகு மரண அறிவித்தல். அந்த மரண அறிவித்தலுக்காகத்தான் வரிசையே எங்கள் வாசலில் உட்காரும். அங்கே மாமன் செத்தால் இங்கே கடிதம் வர ஒரு மாதம். ரேடியோ அன்றைக்கே சொல்லிவிடும். முள்ளை நகர்த்தினால் யாருடைய சாவையாவது தவறவிட்டுவிடுவோம் என்று பயம். பிள்ளைகள் திருகிவிடக் கூடாது என்று குமிழின் மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தோம். இரண்டு வருஷமாக அது பிரிக்கப்படவில்லை.

புதன் சாயங்காலம் அந்தக் குரல், நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வந்த அதே குரல், நிதானமாகச் சொன்னது. மலைநாட்டின் கிழக்குச் சரிவுகளில் அடுத்த இரண்டு நாட்களுக்கு மழை இல்லை. வெப்பமான, வறண்ட காலநிலை நிலவும்.

நாங்கள் இருப்பது கிழக்குச் சரிவு. கீழே பார்த்தால் சமவெளி, காலை வெயில் முதலில் எங்கள் முகத்தில்தான் விழும். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“கேட்டீங்களா? ரெண்டு நாளைக்கு மழ இல்லியாம்.”

வீட்டுக்காரர் காலில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். “இருந்தாலும் நீ வீட்லயே இரு புள்ள. லீவுதான் வாங்கிட்டியே.”

“மழையே இல்லன்னு சொல்றப்ப எதுக்கு அநியாயமா லீவ வீணாக்கணும்? அம்மாவக் கூட்டியார மேட்டுப்பாளையம் போவணுமே, அன்னைக்கு எடுத்துக்கிறேன். அன்னைக்கு லீவு கேட்டா அந்தாளு குடுப்பாரா?”

அவர் மறுபடியும் மண்ணைச் சுரண்டினார். நான் பிடிவாதக்காரி என்பது அவருக்குத் தெரியும். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மழை இல்லை என்று எல்லோரும் காதால் கேட்டிருந்தார்கள். அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ரேடியோ எங்கிருந்து பேசுகிறது என்பது தெரியாதவர்கள் இல்லை நாங்கள். தெரிந்துகொண்டேதான் கேட்டோம். மலைநாடு என்று அந்தக் குரல் சொன்னபோது, மனதில் இருந்தது ஒரே மலைதான், நாங்கள் அதன்மேல் இருந்தோம்.

வியாழக்கிழமை காலை தார்ப்பாயை எடுத்து மடித்து வீட்டுக்குள் வைத்தேன். கற்களை ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தேன். நூற்றுப்பத்தும் வெயிலைப் பார்த்து நின்றன. பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் விட்டுவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். டீக்கடைக்காரர் அடுப்புச் சாம்பலை வெளியே கொட்டிக்கொண்டிருந்தார். மேலே எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

“ஏனுங்க அம்மிணி, கல்லைத் தொறந்து போட்டுட்டுப் போறீங்க? இன்னிக்கு மத்தியானத்துக்கு மேல இடி இருக்குதுங்க. காத்தே இல்ல பாருங்க.”

“மழ இல்லன்னு ரேடியோல சொல்லிட்டாங்க.”

“எந்த ரேடியோவுலீங்க?”

அவர் கேட்டது அவ்வளவுதான். முகத்தில் சிரிப்புகூட இல்லை. ஆனால் சீனியைக் கடித்துக் குடிக்கிற கதையைச் சொன்ன வாய் அது. எங்கள் ரேடியோவையும் கிண்டல் செய்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். விருட்டென்று நடந்தேன். மழை வந்தால் கொஞ்சம் மூடிவிடுங்கள் என்று அவரிடமே சொல்லியிருந்தால் மூடியிருப்பார். நாலு எட்டில் எங்கள் வீடு.

மேஸ்திரி என்னைப் பார்த்து, “லீவு வேணும்னு அழுதியே?” என்றார். “வேணாங்கய்யா, அடுத்த வாரம் எடுத்துக்கிறேன்” என்றேன். பெயர் எழுதினார்.

பன்னிரண்டு மணி வரை ஒரு மேகம் இல்லை. வெயில் செடிக்குள்ளிருந்து ஆவி மாதிரி எழும்பியது. தண்ணீர்க் குடம் இரண்டு முறை காலியாயிற்று. எனக்கு வெயில் அடிக்க அடிக்கச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்து வரிசைக்காரி, “என்னடி, தனியா சிரிக்கிற?” என்றாள். கல் காய்கிறது என்றேன்.

ஒன்றரைக்கு மேற்கே மேடு கறுத்தது. இரண்டுக்கு இடி. மின்னல் வந்தால் சில்வர் ஓக் மரத்தடியில் நிற்கக் கூடாது என்று மேஸ்திரி விசில் ஊதினார். எல்லோரும் கூடையைக் கவிழ்த்துத் தலைக்கு வைத்துக்கொண்டு பாதையில் குந்தினார்கள். நான் கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் பின்னால் கத்தியது கேட்டது. லயத்துக்கு இருபது நிமிஷ ஓட்டம். பாதி வழியில் ஆலங்கட்டி விழத் தொடங்கியது. முதுகில் விழுந்ததெல்லாம் வலிக்கவில்லை, பிறகு பார்த்தால் கன்றிப்போயிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மேல் வரிசைக் கற்களுக்கு இன்னும் மூலை இருந்தது. உள்ளே ஓடித் தார்ப்பாயை எடுத்துவந்து போட்டேன். காற்று ஒரு பக்கம் தூக்கியது, அந்தப் பக்கம் போய் ஏறி உட்கார்ந்தேன். எனக்குக் கீழே கல் அமுங்கியது. எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தேன், அங்கேயும் அமுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். செம்மண் தண்ணீர் வாசல் வழியாக டீக்கடை வரைக்கும் ஓடியது. கடைக்காரர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறி வந்தார். தார்ப்பாயின் மறு முனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேற்றுக்குக் குடை பிடித்தோம்.

நாலரைக்கு வெயில் வந்துவிட்டது. மலை துடைத்து வைத்தது மாதிரி பளிச்சென்று இருந்தது.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். “போவட்டும் விடு புள்ள” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்து வாய்க்கால் வெட்டினார்.

சாயங்காலம் வழக்கம்போல வாசலில் கூடினார்கள். செய்தி முடிந்தது. மலைநாட்டின் கிழக்குச் சரிவுகளில் இன்று வறண்ட காலநிலை நிலவியது, நாளையும் அதுவே தொடரும் என்றது குரல். யாரோ, “பொய் சொல்றான் பாரு, நாசமாப் போறவன்” என்றார்கள். சிலர் சிரித்தார்கள். வீட்டுக்காரர் தலையைத் தூக்காமல் சொன்னார்.

“பொய் இல்ல. அது அங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. மரண அறிவித்தல் ஆரம்பித்தது. ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். எங்களுக்குத் தெரிந்தவர்கள் அன்றைக்கு யாரும் சாகவில்லை. எல்லோரும் எழுந்து போனார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டதும் கன்னம் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. இரண்டு வருஷமாக நான் எந்த ஊரில் இருந்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. சோறு வடித்தேன். பிள்ளைகளுக்குப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் கல் அடித்தோம். காயாது என்று தெரிந்தே அடித்தோம். சும்மா இருக்க முடியாதே. சனிக்கிழமைக்குள் முன்பக்கத்தில் மூங்கில் நட்டு, சாக்குகளைத் தைத்துக் கட்டி, அதன்மேல் சேற்றைப் பூசினோம். தூரத்திலிருந்து பார்த்தால் சுவர் மாதிரிதான் இருந்தது. அதிகாரி பக்கத்திலிருந்து பார்த்தார். குடைக் கம்பியால் ஒரு தட்டுத் தட்டினார். சேறு ஒரு பாளமாக உதிர்ந்து சாக்கு தெரிந்தது.

“மூணு சுவர் நல்லா இருக்கு. நாலாவது எங்கம்மா?”

“மழையில கரஞ்சிருச்சுங்கய்யா.”

“மூடி வைக்கலையா?”

நான் என்ன சொல்ல? மழை இல்லை என்று ரேடியோவில் சொன்னார்கள் என்று சொல்லவா? எந்த ரேடியோ என்று அவரும் கேட்பார். வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நான் பார்த்த பார்வையில் அவரும் நிறுத்திக்கொண்டார். சொல்லியிருந்தால் அந்த மனிதர் மனசு இளகியிருக்குமோ என்னவோ. கெட்டவர் இல்லை. “அடுத்த மாசம் மறுபடியும் எழுதிக் கொடுங்க” என்றார். தொடைமேல் கோப்பை வைத்து எழுதினார். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். அம்மாவின் பெயருக்கு நேரே, மகளிடம் இடமில்லை என்று எழுதியிருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் மழை பெய்யவில்லை. ஞாயிறும் பெய்யவில்லை.

திங்கட்கிழமை கிளம்பிய தொகுதி கன்னட நாட்டுப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போயிற்று. அம்மாவுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. கொழுந்து பறிப்பதில் அவள் கைக்கு எங்கள் பழைய தோட்டத்தில் ஈடு கிடையாது. அந்தக் கையை மரம் சீவப் போட்டார்கள். தனி ஆளுக்கு வீடு கிடையாது என்பதால் அவளையும், கணவனை இழந்த இன்னொரு அம்மாளையும் சேர்த்து ஒரு குடும்பமாக எழுதிக்கொண்டார்களாம். யாரோ எழுதிக்கொடுத்த தபால் அட்டையில் இதெல்லாம் இருந்தது. நான் சௌக்கியம், நீங்கள் எல்லோரும் சௌக்கியமா என்று இருந்தது. ஏன் கூப்பிடவில்லை என்று ஒரு வரி இல்லை. நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், முகவரிப் பக்கத்திலும் இல்லை.

அடுத்த மாதமே நாலாவது சுவரை எழுப்பிவிட்டோம். எழுதியும் கொடுத்தோம். பதில் வரவில்லை. பிறகு அம்மாவே, இங்கே பெயர் பதிந்துவிட்டார்கள், இருக்கட்டும் என்று எழுதச் சொல்லி அனுப்பினாள். அந்த அறையில் வீட்டுக்காரருடைய தம்பியும் அவன் மனைவியும் படுத்தார்கள். நான் அதற்குள் அதிகம் போக மாட்டேன்.

இரண்டு வருஷம் கழித்துத்தான் என்னால் போக முடிந்தது. மூன்று பஸ் மாறி நடுப்பகலில் இறங்கினேன். அம்மா வேலை முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்து கையில் ஒட்டிய ரப்பர்ப் பாலை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. எழுந்து நின்றாள், சேலையில் கையைத் துடைத்தாள். “வந்துட்டியா” என்றாள். தேத்தண்ணி ஊற்றி, உள்ளங்கையில் சீனி வைத்துக் கொடுத்தாள்.

அவர்களுடைய அறை எங்கள் பழைய அறையில் பாதி. நடுவில் ஒரு கயிறு கட்டிச் சேலை போட்டிருந்தது. அந்தப் பக்கம் மற்ற அம்மாளுக்கு, இந்தப் பக்கம் அம்மாவுக்கு. ஒரு பாய் விரித்தால் சுவருக்கும் சேலைக்கும் சரியாக இருந்தது.

நானாக எதுவும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். சாதாரணமாக, பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதற்கு நடுவில் சொன்னாள்.

“முகாமுல அந்த ஐயா பேப்பரப் பாத்து எல்லாரு முன்னாடியும் சத்தமா வாசிச்சாரு. மககிட்ட எடமில்லன்னு. நா ஒண்ணும் நெனைக்கல புள்ள. ஒனக்கும் குடும்பம் இருக்கில்ல.”

மழையைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். கல், தார்ப்பாய், லீவு, ரேடியோ எல்லாவற்றையும் பஸ்ஸில் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்தேன். வாயைத் திறந்து, “அம்மா, அன்னைக்கு மழ” என்றேன். அதற்கு மேல் வரவில்லை. மழைக்கு யாராவது அம்மாவை விடுவார்களா என்று எனக்கே கேட்டது.

“மழையா? இங்கயும் பேயுது, தெனம்” என்றாள் அம்மா. பாயை உதறிப் போட்டாள். சுவரோடு ஒண்டி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, மிச்சமிருந்த பாயைக் கையால் தட்டிக் காட்டினாள்.

“பஸ்ஸுல வந்த அலுப்பு. செத்த நேரம் படு. எடமிருக்கு.”

நான் படுத்துக்கொண்டேன்.